சின்னக் கேசிங்கா? முதலில் பவர் சப்ளையைத் தீர்மானியுங்கள்

கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இடம்தான் பெரிய பிரச்சினை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மடக்கு மேசை போட்டால் அறை நிறைந்துவிடும். காலடியில் கணினியின் பெரிய டவர் கேசிங் (பாகங்கள் எல்லாம் இருக்கும் பெட்டி) வைக்க வழியில்லை. அதனால் மேசை ஓரத்திலேயே அடங்கும் சின்னக் கேசிங்கைத் தேடுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் வாங்குகிற வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. கண்ணுக்குப் பிடித்த கேசிங் முதலில், அதற்குள் நுழைகிற, திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு அடுத்து, கையில் மிச்சம் இருக்கிற காசுக்கு, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை கடைசியில்.

பெரிய கேசிங்கில் இப்படி வாங்கினாலும் சமாளித்துவிடலாம். பவர் சப்ளை போதவில்லை என்றால் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டிக்கொள்ளலாம். சின்னக் கேசிங்கில் அந்த வசதி கிடையாது. அது ஏற்கும் பவர் சப்ளையின் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வடிவத்தில் எத்தனை வாட் கிடைக்கிறதோ அதுவே உங்கள் கணினியின் எல்லை. ஆகவே வரிசையை மாற்றுங்கள். எத்தனை வாட் வேண்டும், அந்த வாட் எந்த வடிவத்தில் கிடைக்கும், அந்த வடிவத்தை எந்தக் கேசிங் ஏற்கும் என்று போங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகு நிறம், கண்ணாடி, விளக்கு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: வாட் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிபியு (கணினியின் மூளை), கிராபிக்ஸ் கார்டு, மற்றவை என்று மூன்று வரி போதும்.

சிபியு வரியில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். 65 வாட் என்று விளம்பரத்தில் இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அது இழுக்கும் அளவு வேறு. இன்டெல் கோர் ஐ5 12400-க்கு அடிப்படை 65 வாட், டர்போவில், அதாவது முழு வேகத்தில், 117 வாட். ஐ7 13700-க்கும் அடிப்படை அதே 65 வாட்தான், ஆனால் டர்போவில் 219 வரை போகும். ஏஎம்டி ரைசன் 5 7600-ஐயும் 65 வாட் என்றே விற்கிறார்கள், ஆனால் 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும். தாளில் எழுத வேண்டியது எப்போதும் பெரிய எண்.

கிராபிக்ஸ் கார்டு வரி சுலபம். நிறுவனம் சொல்லும் எண்ணை அப்படியே எழுதலாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், 4070-க்கு 200, 5070-க்கு 250. 4090 என்றால் 450. மதர்போர்டு (பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகை), ரேம், எஸ்எஸ்டி, காற்றாடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வாட் போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கணினிக்கு அது தாராளம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதிகம் கேட்கும் ஜோடியை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060. 88, 115, 60 சேர்த்தால் 263 வாட். இதை ஒன்றரை மடங்காக்கினால் 395 வரும். ஆகவே நல்ல தரத்தில் 450 வாட் போதும். கிராபிக்ஸ் கார்டு பெட்டியில் 550 என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். உங்களிடம் எந்தத் தரத்துப் பவர் சப்ளை இருக்கிறது என்று கார்டு தயாரிக்கிறவருக்குத் தெரியாது, அதனால் தாராளமாகவே சொல்வார். 550 வாங்கினாலும் நஷ்டமில்லை. சின்ன வடிவங்களில் 450-க்கும் 600-க்கும் பெட்டி அளவு பெரும்பாலும் ஒன்றுதான், விலைதான் கொஞ்சம் ஏறும்.

ஏன் ஒன்றரை மடங்கு? இரண்டு காரணம். ஒன்று, கிராபிக்ஸ் கார்டு சீராக இழுப்பதில்லை. விளையாட்டில் ஒரு வெடிப்புக் காட்சி வந்தால் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்துக்கு அதன் இழுப்பு இரண்டு மடங்கு வரை எகிறும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற கார்டுகள் வந்தபோது, கணக்கில் போதுமான வாட் இருந்தும் பலருக்குக் கணினி பட்டென்று அணைந்தது இதனால்தான். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பெரிய பவர் சப்ளைகள் தம் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோவிநாடிக்குத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. புதிதாக வாங்கும்போது ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று எழுதியிருந்தால் அதையே எடுங்கள். இரண்டாவது காரணம் நம் ஊர் வெப்பம். அதற்குத் தனியாக வருகிறேன்.

இரண்டாம் படி: எந்த வடிவம்

ஏடிஎக்ஸ் என்பது வழக்கமான பெரிய பவர் சப்ளை. 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், ஆழம் 140-இல் தொடங்கும். விலை குறைவு, தேர்வு அதிகம், சத்தம் குறைவு. இதை ஏற்கும் சின்னக் கேசிங்குகளும் உண்டு, ஆனால் அவை வேறு எங்காவது இடத்தைப் பறித்துக்கொள்ளும்.

எஸ்எஃப்எக்ஸ் 125 மி.மீ. அகலம், 63.5 உயரம், 100 ஆழம். இப்போது சின்னக் கணினி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் போவது இதற்குத்தான். 450-இல் இருந்து 1000 வாட் வரை கிடைக்கிறது. இதன் அண்ணன் எஸ்எஃப்எக்ஸ்-எல், ஆழம் 130 மி.மீ. அந்த 30 மி.மீ. கூடுவதால் 92 மி.மீ. காற்றாடிக்குப் பதில் 120 மி.மீ. காற்றாடி வைக்க முடிகிறது, சத்தம் குறையும். கேசிங் இரண்டையும் ஏற்றுக்கொண்டால்கூட, கேபிள்களை மடித்து வைக்க இடம் வேண்டும் என்பதற்காகச் சாதாரண எஸ்எஃப்எக்ஸையே நான் பரிந்துரைப்பேன். முதல் முறை கட்டுகிறவருக்கு அந்த மூன்று சென்டிமீட்டர் பெரிய நிம்மதி.

டிஎஃப்எக்ஸ் ஒல்லியாக நீளமாக இருக்கும், அலுவலகங்களில் படுக்க வைத்திருக்கும் மெல்லிய கேசிங்குகளுக்கானது. பெரும்பாலும் 300 வாட் பக்கம்தான் கிடைக்கும். ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் அதைவிடச் சின்னது. அதில் இருப்பது 40 மி.மீ. காற்றாடி, சுமை ஏறியதும் கீச்சென்று கத்தும். படுக்கை பக்கத்தில் கணினி வைக்கிறவர் இதை வாங்க வேண்டாம்.

கடைசியாக, மடிக்கணினிக்கு இருப்பதுபோல வெளியே ஒரு அடாப்டர், உள்ளே ஒரு சின்ன போர்டு. ஆன்டெக்கின் ஐஎஸ்கே 110 இப்படித்தான் 90 வாட்டில் ஓடியது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, ஆவணம் எழுதவும் வீடியோ பார்க்கவும் உள்ள கணினிக்கு இது மிகப் பொருத்தம். வெப்பம் கேசிங்குக்கு வெளியே போய்விடுகிறது.

மூன்றாம் படி: லேபிளைப் படிப்பது

இந்த ஒரு படியை மட்டும் தவறவிடாதீர்கள். கேசிங்கோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பவர் சப்ளையில் பெரிதாக 500 என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணை நம்பி வாங்கியவர்கள்தான் பிறகு கண் கலங்குகிறார்கள்.

செந்தூலில் இருந்து ஒரு தம்பி தன் கேசிங்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். விளையாட்டு ஓடும்போது பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றான்.

"500 வாட்ண்ணே. கேசிங்கோட சேர்த்தே குடுத்தாங்க. கார்டுதான் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்."

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து லேபிளைக் காட்டினேன். அதில் வரிசையாக மூன்று கட்டங்கள். 3.3 வோல்ட்டுக்கு ஒரு ஆம்பியர் எண், 5 வோல்ட்டுக்கு ஒன்று, 12 வோல்ட்டுக்கு ஒன்று. 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தது.

"பன்னிரண்டைப் பதினெட்டால பெருக்கு, தம்பி."

"இருநூத்தி... பதினாறு."

"சிபியு, கிராபிக்ஸ் கார்டு ரெண்டும் சாப்பிடறது இந்தப் பன்னிரண்டு வோல்ட்லதான். உன் 500 வாட்ல உனக்குக் கெடைக்கிறது 216. அதையும் இது சூட்டுல முழுசா குடுக்குமான்னு சந்தேகம்."

பழைய காலத்துக் கணினிகள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் அதிகம் இழுத்தன. இன்றைய கணினியில் கிட்டத்தட்ட எல்லாச் சுமையும் 12 வோல்ட்டில்தான். மலிவான பவர் சப்ளைகள் பயன்படாத அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துக் கூட்டி ஒரு பெரிய எண்ணை வெளியே போடுகின்றன. நல்ல 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் ஒன்றின் லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 37.5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் முழு 450 வாட்டும் வந்துவிடும். வெளியே போட்ட எண்ணும் 12 வோல்ட் பெருக்கலும் நெருங்கி வந்தால் அது நேர்மையான லேபிள். பாதிக்கும் கீழே நின்றால் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தம்பியின் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவர் சப்ளையை மாற்றியதும் ஓடியது. அவன் அதிர்ஷ்டம், அணைந்ததோடு நின்றது. பாதுகாப்புச் சுற்று சரியில்லாத பவர் சப்ளை செத்தால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பிடிபிடிஎன் கல்விக் கடனில் மிச்சம் பிடித்து வாங்கிய கணினி அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு வராது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

80 பிளஸ் முத்திரையையும் பாருங்கள். வெள்ளை, புரோன்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று ஏறும். அது தரச் சான்றிதழ் அல்ல, சுவரில் இருந்து எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஆனால் சின்னப் பெட்டியில் வீணாகும் மின்சாரம் முழுக்க வெப்பமாக உள்ளேயே இறங்குகிறது. கணினி 300 வாட் கேட்கும்போது 90 சதவீதத் திறனில் ஓடும் பவர் சப்ளை 33 வாட் வெப்பம் கக்கும், 85 சதவீதத்தில் 53 வாட். அந்த 20 வாட் பெரிய டவரில் தெரியாது, பத்து லிட்டர் பெட்டியில் நன்றாகவே தெரியும். சின்னக் கேசிங்குக்குக் கோல்டு வாங்குங்கள்.

நான்காம் படி: பவர் சப்ளையோடு வரும் கேசிங்கும் பழைய அலுவலகக் கணினியும்

உள்ளேயே பவர் சப்ளை இருக்கும் கேசிங் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். இன்வின் சோப்பின் 3.3 லிட்டர்தான், 150 வாட் பவர் சப்ளையோடு வரும். பிறகு வந்த சோப்பின் மேக்ஸில் 200 வாட். ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் சிபியுவுக்கு அது போதும். நிறுவனம் தன் பெயரைப் போட்டு, சின்ன எண்ணை நேர்மையாகச் சொல்கிறது. நூறு சொச்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கேசிங், மூன்று விளக்குக் காற்றாடி, 500 வாட் பவர் சப்ளை எல்லாம் சேர்த்துக் கிடைத்தால்தான் யோசிக்க வேண்டும். கேசிங் மட்டும் பிடித்திருந்தால் வாங்கி, பவர் சப்ளையை ஒதுக்கிவிட்டு வேறு மாட்டுங்கள். ஆனால் அதற்கு முன் அது நிலையான வடிவமா என்று அளந்து பாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. நிறுவனங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ குட்டிக் கணினிகளை வாங்கி, அதில் கிராபிக்ஸ் கார்டு மாட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 சின்ன மாடலில் இருப்பது 240 வாட், 9020-இல் 255. அதில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின் கேபிளே வராது. 9020 போன்ற சிலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் முனையும் வழக்கமான 24 முள் இல்லை, 8 முள். அதனால் கடையில் கிடைக்கும் பவர் சப்ளையை நேராக மாட்ட முடியாது.

இந்த மாதிரிக் கணினிக்கு மதர்போர்டில் தான் செருகும் ஸ்லாட்டில் இருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டு மட்டும்தான் சரி. ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 (53 வாட்), 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 (70 வாட்) இரண்டும் அதற்குள் அடங்கும். தாழ்வான பிராக்கெட்டோடு வரும் மாடலாகக் கேளுங்கள். அதை விட்டுவிட்டு டிஸ்க்குகளுக்கான சாட்டா முனையில் இருந்து கார்டுக்கான 8 முள்ளுக்கு மாற்றும் பத்து வெள்ளிக் கேபிளை வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 8 முள் முனை கேட்பது 150 வாட் வரை. அந்தக் கேபிள் உருகி நாறிய கேசிங்கை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: அளவுநாடா

இப்போதுதான் கேசிங். சின்னக் கேசிங்கை லிட்டரில் சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். கூலர் மாஸ்டர் என்ஆர்200-இன் உடல் 36, 18.5, 27.4 செ.மீ., ஆகப் பதினெட்டேகால் லிட்டர். ஃபிராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், டான் ஏ4 ஏழு லிட்டர் சொச்சம்.

முதல் முறை கட்டுகிறவருக்கு 15-இல் இருந்து 20 லிட்டர் நல்லது. பத்துக்குக் கீழே போனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சண்டை போட வேண்டியிருக்கும், விலையும் ஏறும். என்ஆர்200 எஸ்எஃப்எக்ஸ், எஸ்எஃப்எக்ஸ்-எல் இரண்டையும் ஏற்கும், 330 மி.மீ. நீளக் கார்டு போகும், சிபியு கூலருக்கு 155 மி.மீ. அளவு உயரம் கிடைக்கும். 2020-இல் வந்தது, இன்றும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அளக்க வேண்டியவை நான்கு. கார்டின் நீளம், கார்டின் தடிமன், சிபியு கூலரின் உயரம், பவர் சப்ளையின் ஆழம். இவை ஒன்றோடொன்று மோதும் இடம்தான் முக்கியம். கேசிங் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதிகபட்ச எண் கொடுத்திருக்கும், எல்லா அதிகபட்சமும் ஒரே நேரத்தில் கிடைக்காது. டெர்ராவில் நடுத்தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். கூலருக்கு உயரம் கூட்டினால் கார்டுக்குத் தடிமன் குறையும். ஃபிராக்டல் நோட் 304 வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளையை ஏற்கும், ஆனால் கழற்றி மாட்டும் கேபிள் வகைப் பவர் சப்ளை போட்டால் 170 மி.மீ.க்கு மேல் நீளமான கார்டு அந்தக் கேபிள் முனைகளில் இடிக்கும் என்று நிறுவனமே சொல்கிறது. சில்வர்ஸ்டோன் எஸ்ஜி13-இலும் ஏடிஎக்ஸ் போகும். அது சிபியுவுக்கு நேர் மேலே உட்காரும், கூலருக்கு மிஞ்சுவது 61 மி.மீ. மட்டுமே. பவர் சப்ளையில் மிச்சம் பிடித்த காசு தாழ்வான கூலருக்குப் போய்விடும்.

கூலர் உயரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரைசனோடு இலவசமாக வரும் ரெய்த் ஸ்டெல்த் 54 மி.மீ., இன்டெலோடு வருவது 47. நாக்டுவாவின் எல்9ஐ, எல்9ஏ இரண்டும் 37 மி.மீ.

கேபிளுக்கும் இடம் விடுங்கள். கார்டின் மேல் விளிம்பில் 8 முள் முனை செருகினால் அது கேசிங்கின் மூடிப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். புதிய 12 முள், 16 முள் முனை வந்த கார்டுகளில் கேபிளை முனைக்கு ஒட்டி வளைக்கவே கூடாது. குறைந்தது மூன்றரை சென்டிமீட்டர் நேராக விட்டு வளைக்க வேண்டும். 2022 கடைசியில் 4090 கார்டுகளில் இந்த முனை உருகிய செய்திகள் வந்தன. முனை முழுதாக உள்ளே போகாமல் இருந்ததை என்விடியா பொதுவான காரணமாகச் சொன்னது. ஒடுக்கமான பெட்டியில் மூடியை அழுத்தி மூடினால் இதே நிலைமைதான்.

மதர்போர்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. சதுரம், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மி.மீ. சதுரம். மினி ஐடிஎக்ஸ் போர்டுகள் விலை கூடுதல். 20 லிட்டருக்கு மேல் போக முடிந்தால் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேசிங் ஒன்றைப் பார்ப்பது பர்சுக்கு நல்லது.

ஆறாம் படி: நம் ஊர் வெப்பம்

அயல்நாட்டு வீடியோக்களில் 20 பாகை அறையில் வைத்துச் சோதனை செய்கிறார்கள். கோலாலம்பூரில் மத்தியானம் வெளியே 33 பாகை. ஏர்கோன் போடாத கோண்டோ அறையில் 31, 32 சாதாரணம். சின்னக் கேசிங்குக்குள் அதற்குமேல் பத்துப் பதினைந்து பாகை ஏறினால் பவர் சப்ளையைச் சுற்றியுள்ள காற்றே 45-ஐத் தொடும். பெட்டியில் இருக்கும் வாட் எண் எந்த வெப்பத்தில் அளந்தது என்று பாருங்கள். நல்ல நிறுவனங்கள் 40 அல்லது 50 பாகை என்று எழுதுகின்றன. 50 என்று எழுதியதே நமக்கு ஏற்றது. ஒன்றும் எழுதாதவற்றை நம்ப வேண்டாம். முதல் படியில் ஒன்றரை மடங்கு கேட்டதற்கு இரண்டாவது காரணம் இதுதான். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் வெப்பத்தில் சீக்கிரம் வயதாகிவிடும்.

பவர் சப்ளையின் காற்றாடி கேசிங்கின் ஓட்டைகள் இருக்கும் பக்கத்தைப் பார்த்து, வெளிக்காற்றை நேராக இழுக்கும்படி மாட்டுங்கள். உள்பக்கம் திருப்பினால் கிராபிக்ஸ் கார்டு துப்பும் சூட்டைத்தான் அது சுவாசிக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட சின்னக் கேசிங்கை இங்கே தவிர்க்கலாம். வலை போட்ட பக்கங்கள்தான் நமக்கு.

அந்த வலை சின்னக் கண்ணாக இருக்கட்டும். தூசி மட்டுமல்ல, பல்லியும் எறும்பும் சூடான இடத்தைத் தேடி வரும். பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆகிக் கணினி போவது நம் வீடுகளில் நடக்கிற விஷயம். பின்னால் விரிவாக்க ஸ்லாட்டுகளின் மூடிகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அந்த ஓட்டை போதும் அதற்கு. அப்புறம், சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் வடிகட்டியில் படிந்தால் தூசி ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. கொசுவர்த்தியும் அப்படித்தான். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஏழாம் படி: சுவர்ப் பக்கம்

மலேசியாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று சதுர முள் பிளக். மலிவான சில பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 230-இல் நிற்கிறதா என்று பார்க்காமல் சுவரில் செருகாதீர்கள். 115-இல் இருந்தால் டப்பென்று வெடித்துப் புகை வரும். நல்ல பவர் சப்ளைகளில் அந்த ஸ்விட்சே இருக்காது, எந்த வோல்ட்டையும் தானே கண்டுகொள்ளும்.

இணையத்தில் வாங்கினால் வேறு நாட்டு பிளக் உள்ள கேபிள் வரலாம். அதை இரண்டு முள் அடாப்டரில் செருகி ஓட்ட வேண்டாம். மூன்றாவது முள்தான் எர்த். அது இல்லாவிட்டால் கேசிங்கைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஏறும். கடையில் 13 ஆம்பியர் பிளக் உள்ள, சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) போட்ட கேபிள் கேட்டு வாங்குங்கள். பல முனைச் சாக்கெட்டிலும் சிரிம் முத்திரை பாருங்கள்.

சாயங்கால இடி பற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) தடுப்பு உள்ள சாக்கெட் வாங்குங்கள், நேரே தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்தால் பிளக்கைக் கழற்றுங்கள். இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

எட்டாம் படி: கடைக்குப் போவது

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா போவது சுலபம். துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரெயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் இம்பி, அங்கிருந்து நடக்கிற தூரம். பெட்டாலிங் ஜெயா பக்கம் இருந்தால் 14-ஆம் பிரிவில் டிஜிட்டல் மால். பினாங்கில் கொம்தாரை ஒட்டிய பிரங்கின் மால்.

தாளைக் கையில் எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, பவர் சப்ளை பெட்டியைத் திறந்து லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அங்கே எல்லாரும் கேட்கிறார்கள். சின்ன வடிவம் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது. "எஸ்எஃப்எக்ஸ் இல்லை, இது எடுத்துக்கோ, அதே மாதிரிதான்" என்று ஏடிஎக்ஸை நீட்டினால் வாங்காதீர்கள், பொருந்தாது. மறுபக்கம், ஏடிஎக்ஸ் ஏற்கும் கேசிங்கில் எஸ்எஃப்எக்ஸ் மாட்டலாம். அதற்கு ஒரு தகடு வேண்டும், பல நிறுவனங்கள் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும். ஆனால் எஸ்எஃப்எக்ஸின் கேபிள்கள் குட்டை. 20 லிட்டருக்கு மேல் உள்ள கேசிங்கில் எட்டாமல் போகலாம்.

உத்தரவாதம் உள்ளூர் விநியோகஸ்தருடையதா என்று கேளுங்கள், அந்த ஸ்டிக்கர் பெட்டியில் ஒட்டியிருக்கும். நல்ல எஸ்எஃப்எக்ஸ்களுக்கு 7-இல் இருந்து 10 ஆண்டு வரை உண்டு. ஒரே ஆண்டு தருகிற பவர் சப்ளையை அதன் தயாரிப்பாளரே நம்பவில்லை என்று அர்த்தம். கேசிங், ரேம், கூலர் எல்லாம் பழையதாக வாங்கலாம். பவர் சப்ளையை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: மாட்டுவது

முதலில் கேசிங்குக்கு வெளியே, மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே எல்லாவற்றையும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். சின்னக் கேசிங்கில் எல்லாம் அடைத்த பிறகு ரேம் சரியில்லை என்று தெரிந்தால் முழுக்கக் கழற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே வைக்கும்போது, 24 முள் கேபிளையும் சிபியுவுக்குப் போகும் 8 முள் கேபிளையும் மதர்போர்டில் செருகிவிட்டுத்தான் கூலரையும் கார்டையும் மாட்ட வேண்டும். பிறகு விரல் நுழையாது. தேவைப்படும் கேபிள்களை மட்டும் மாட்டுங்கள். சிபியுவுக்கான 8 முள்ளும் கார்டுக்கான 8 முள்ளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் வேறு. முனையின் மேலே எழுதியிருப்பதைப் படித்துச் செருகுங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொரு பவர் சப்ளையில் மாட்டாதீர்கள். பவர் சப்ளைப் பக்க முனையில் எந்த முள்ளில் எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில நேரம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். முனை அழகாகப் பொருந்தும். ஸ்விட்சைப் போட்டதும் எஸ்எஸ்டி எரியும், உள்ளே இருக்கும் படங்களும் பாடங்களும் சேர்ந்து போகும்.

கட்டி முடித்ததும் மூடியைப் போட்டு, மத்தியான நேரத்தில், ஏர்கோன் இல்லாமல், நீங்கள் விளையாடும் கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பட்டென்று முழுக்க அணைந்தால் பெரும்பாலும் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்கிறது. சிபியு சூடேறினால் பொதுவாக முதலில் வேகம்தான் குறையும். அணைகிறது என்றால் உத்தரவாதம் இருக்கும்போதே கடைக்கு எடுத்துப் போங்கள். எதுவும் நடக்காவிட்டால் மிஞ்சிய கேபிள்களை ஒரு பையில் போட்டு, பையின்மேல் பவர் சப்ளையின் பெயரையும் மாடலையும் மார்க்கரில் எழுதி, ரசீதையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள்.